குடைக்குப் பயந்த வல்லூறு

அன்புள்ள மகளுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நீ நலமாக இருப்பதை உன் அத்தை சொல்லிவிட்டாள். என் நலத்தை அறிய நீ ஆவலாக இருப்பதாக யாரும் சொல்லவில்லை. எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த முகவரியும் அத்தை கொடுத்ததுதான். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. போன் நம்பரையும் தருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். நீ எடுத்து "யாரு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

இங்கே எல்லாம் பழையபடிதான். பாடநூல் அலுவலகத்தில் மற்றவர்கள் செய்யும் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தலைமைத் திருத்துநர் பதவி இந்த முறையும் எனக்கு வரவில்லை. என்னிடம் வேலை பழகியவனுக்குப் போயிற்று. அவன் இப்போதும் தாள்களைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்து, "சார், நீங்க ஒரு தடவை பார்த்துட்டா எனக்கு நிம்மதி" என்கிறான். நிம்மதியும் அவனுக்கு, நாற்காலியும் அவனுக்கு. அதை விடு. மாடிப்படி ஏறும்போது முழங்கால் சத்தம் போடுகிறது. லிஃப்ட் வழக்கம்போல் பழுது. மூன்றாம் மாடி வீட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி அத்தை நச்சரிக்கிறாள். மாற்ற மாட்டேன். காரணம் இந்தக் கடிதத்திலேயே வரும்.

நீ வெளியூர் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் மாலைதோறும் பூங்காவின் பின்வாசல் பக்கம் வந்து நின்றாய். என் ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள அந்தப் பெரிய மரத்தடியில்தான் நின்றாய். கழுத்தை அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாய். அலுவலகம் விட்டு வந்தவன் திரைச்சீலை ஓரமாக நின்று உன்னைப் பார்த்தேன். முதல் நாள் ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தாய். என் மகள் என் ஜன்னலைத் தேடுகிறாள், மேலே வரக் கூச்சப்படுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதன்பின் வெளிச்சம் இருக்கும்போதே முன்னறை விளக்கைப் போட்டு வைத்தேன். வீட்டுக்குள் உடுத்தும் சட்டையைக்கூட இஸ்திரி போட்டு உடுத்தினேன். நீ காபிக்குச் சர்க்கரை இரண்டு கரண்டி போட்டுக் குடிப்பவள், சர்க்கரையே சேர்க்காத என் வீட்டில் ஒரு பொட்டலம் வாங்கி வைத்தேன்.

பிறகு நீ வரவில்லை. ஊரை விட்டுப் போய்விட்டாய் என்று அத்தை சொல்லித்தான் தெரியும். நீ நின்ற இடத்தில் பல் டாக்டர் வந்து அண்ணாந்து நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீ பார்த்தது என் ஜன்னலை அல்ல. அதற்கும் உனக்கும் நடுவே, கிளைக் கவட்டையில், ஒரு வல்லூறு சுள்ளி அடுக்கிக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டு ஜன்னலுக்கு நேரே கட்டியிருக்கிறது, அத்தனை நாளும் அது என் கண்ணில் படவே இல்லை. நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டர் என்று எழுதுவதில் உனக்கு வருத்தம் இருக்கலாம். உன் அம்மாவின் கணவர் என்று எழுத என் பேனா ஒத்துழைக்கவில்லை. நான் அவரை முதலில் அறிந்தது டாக்டராகத்தான். நம் மூவருக்கும் பல் பார்த்தவர் அவர். என் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு அவர் போட்ட உறை இன்றுவரை அசையவில்லை. அசைந்தால் நாலு பேரிடம் குறையாவது சொல்லலாம். ஒவ்வொரு வேளையும் அவர் கைவேலையால்தான் மென்று விழுங்குகிறேன்.

கூட்டைப் பார்த்துச் சேதி சொல்லும் பொறுப்பை நீ அவரிடம் ஒப்படைத்திருக்கிறாய், அத்தை சொன்னாள். அது போதாது என்று முதல் சம்பளத்தில் அவருக்குப் பைனாகுலர் வேறு வாங்கி அனுப்பியிருக்கிறாய். முதல் நாள் அதை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்ததை என் இரு கண்ணால் கண்டேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். கீழிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும், சுள்ளியும் ஒரு வால் நுனியும்தான். என் ஜன்னலிலிருந்து கூட்டுக்குள்ளேயே தெரியும். முட்டை பொரிந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். மூன்று குஞ்சுகள், பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல. கடைசியாகப் பொரிந்தது மற்ற இரண்டிலும் பாதிதான் இருந்தது. அலுவலக நூலகத்திலிருந்து பறவைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து படித்தேன். உனக்குச் சொல்வதற்காக அல்ல. யாரிடம் சொல்ல?

இந்த இனத்தில் பெட்டைதான் பெரியது. ஆண் சின்னது, முதுகு சாம்பல் நிறம், கண் நெருப்புத் துண்டு. பெட்டை கூட்டை விட்டு நகராது. ஆண் நாளெல்லாம் அலைந்து ஓணானையோ எலியையோ பிடித்து வந்து, கூட்டுக்குள் நுழையாமல், தள்ளியிருக்கும் ஒரு கிளையில் உட்கார்ந்து குரல் கொடுக்கும். பெட்டை வந்து வாங்கிக்கொண்டு போகும். குஞ்சுக்கு ஊட்டுவது பெட்டைதான். குஞ்சுகளுக்கு அந்த ஆணின் முகம் சரியாகத் தெரிந்திருக்குமா என்றுகூட எனக்குச் சந்தேகம். நான் எதையும் பொடிவைத்து எழுதவில்லை. புத்தகத்தில் இருப்பது அப்படி.

பல் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? பெரியதைத் தகப்பன் என்று நினைத்துக்கொண்டார். சின்னதைக் குஞ்சு திருட வரும் எதிரி என்று தீர்மானித்துவிட்டார். நீ ஒப்படைத்துவிட்டுப் போன பொருளுக்குக் காவல் நிற்கிறாராம். சின்னது வந்து கிளையில் உட்காரும்போதெல்லாம் கையைத் தட்டினார். அதற்குப் போகாவிட்டால் குடையை விரித்து விரித்து மடக்கி, "சூ, சூ" என்று மரத்தைச் சுற்றி ஓடினார். ஊரில் பாதிப் பேருக்கு வாயைத் திறக்கச் சொல்லும் மனிதர், குடையோடு குதிக்கிறார். அந்தச் சின்ன வல்லூறும் காலில் இரையோடு வந்து, உட்காராமலே திரும்பிப் போயிற்று.

நான் ஜன்னலில் நின்று சிரித்தேன். போனில் உன்னிடம் அவர் இதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார், நீயும் மெச்சியிருப்பாய் என்று நினைத்தபோது இன்னும் நன்றாகச் சிரித்தேன். ஒரு நாள் உனக்கே தெரிய வரும், அப்போது அவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

மறுநாளும் குடை. அன்று சாயங்காலம் கூட்டுக்குள் சத்தம் நிற்கவில்லை. பெரிய குஞ்சுகள் இரண்டும் வாயைப் பிளந்து கத்தின. சின்னது கத்தவில்லை. தலையைச் சுள்ளிமேல் சாய்த்துப் படுத்திருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் அப்படிக் கிடந்திருக்கிறாய், என் தோளில். அது உனக்கு ஞாபகம் இருக்க நியாயம் இல்லை.

காலையில் அலுவலகத்துக்குப் போகும் சட்டையோடு கீழே இறங்கினேன். எத்தனையோ வருடங்களாக அவரைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போகிறவன், நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"டாக்டர், குடையை மடக்குங்க. நீங்க விரட்டுறது திருடன் இல்ல. அது அப்பன்."

அவர் என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்பச் சின்னதா இருக்கே சார்?"

"இதுல அப்பன்தான் சின்னது."

குடை தானாக மடங்கியது. "அப்போ நான் இத்தனை நாளா..." என்று இழுத்தார். பிறகு, "மன்னிச்சிருங்க சார்" என்றார். எதற்கு மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை. இருவரும் மரத்தை விட்டுத் தள்ளிப் போய், நான் வழக்கமாகச் செய்தித்தாள் படிக்கும் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் ஏறிய பிறகு சின்ன வல்லூறு ஓர் ஓணானோடு வந்து அந்தக் கிளையில் இறங்கியது. பெட்டை வாங்கிக்கொண்டது. டாக்டர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது, நான் சொன்னேன் என்று உன்னிடம் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். வேறு யாராக இருந்தாலும் வாய்தவறியாவது சொல்லியிருப்பார்கள். இந்த மனிதர் சொல்லவில்லை. குறை கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாய்ப்பும் தராமல் வாழ்கிறார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

அதன்பின் காலையில் அவரும் என் பெஞ்சுக்கு வரத் தொடங்கினார். நான் செய்தித்தாளை விரித்துக்கொள்வேன். ஒருநாள் அவருடைய போன் முனகியது. நீ பேசி அனுப்பியிருந்தாய். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், உனக்குத் தெரியும். ஒலியைக் கூட்டி வைத்தார்.

"அப்பா, அந்தக் குட்டி எப்படி இருக்கு? சாப்பிடுதா?"

எனக்கு நேரே பேசியதுபோல் இருந்தது. "சாப்பிடுதும்மா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயை இருமி மூட வேண்டியதாயிற்று. உன் குரல் மாறியிருக்கிறது, கொஞ்சம் கனத்திருக்கிறது. "அப்பா" என்ற சொல் மட்டும் மாறவில்லை. அதே இழுப்பு. அந்தச் சொல் வேறு ஒருவருக்குப் போகும்போதாவது அதன் இழுப்பைக் கொஞ்சம் மாற்றியிருக்கலாம் நீ. முன்பு "டாக்டர் மாமா" என்றுதானே கூப்பிட்டாய்? எப்போது மாறிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. "பார்க்ல ஒரு பெரியவர் சொன்னார்னு சொன்னீங்கல்ல, அவருக்கு என்னோட தேங்க்ஸ் சொல்லிடுங்கப்பா. அவர் இல்லன்னா குட்டி செத்தே போயிருக்கும்" என்றாய்.

டாக்டர் போனை அணைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "தேங்க்ஸ் சொல்லச் சொன்னா சார்" என்றார் மரத்தைப் பார்த்தபடி. சரி என்றேன். பெரியவர்! எனக்கு அவரைவிட இரண்டு வயது குறைவு. நான்தான் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பெரியவர்தானா கிடைத்தது?

குஞ்சுகள் முதலில் கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்தன. பிறகு பக்கத்துக் கிளைக்குத் தாவின. தாவிவிட்டுத் திரும்பி வரத் தெரியாமல் விழித்தன. பெரியவை இரண்டும் அடுத்தடுத்துப் போய்விட்டன. சின்னது மட்டும் கூட்டிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. தகப்பன் இரையோடு வந்தது. வழக்கமான கிளைக்கு வராமல் புல்வெளிக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று உன் அம்மாவும் பிளாஸ்க்கில் காபியோடு வந்திருந்தாள். எனக்கும் ஒரு கப் ஊற்றி பெஞ்சில் வைத்தாள். சர்க்கரை இல்லை. அவள் மறக்கவில்லை என்பதில் எனக்குக் கோபமா வேறு எதுவா என்று இன்னும் பிடிபடவில்லை. நாங்கள் மூவரும் அண்ணாந்திருக்கும்போதே சின்னது கூட்டை விட்டது. கல் விழுவதுபோல் விழுந்தது. பாதியில் இறக்கை பிடிமானம் கண்டு, தடுமாறி, புல்வெளியைத் தாண்டிவிட்டது.

டாக்டர் அழுதார். பைனாகுலர் நனைந்தது. "அவ கிளம்பின அன்னைக்குக்கூட நான் இப்படி அழல சார்" என்றார்.

"நீங்க வழியனுப்பவாவது போனீங்க" என்றேன்.

உன் அம்மா காபி கப்பைக் கழுவப் போகிறவள்போல் எழுந்து குழாயடிக்குப் போய், வெகுநேரம் கழுவினாள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தப் பெரியவர் நான். குட்டிக்காகத்தான் சொன்னேன், உனக்காக அல்ல என்று எழுத நினைத்தேன். எழுதினால் பிழை, நானே திருத்த வேண்டியிருக்கும்.

குஞ்சுகள் இப்போதும் தூரத்து மரங்களிலிருந்து பசி எடுத்தால் கத்துகின்றன. தகப்பன் எங்கிருந்தோ கொண்டுபோய்க் கொடுக்கிறது. இன்னும் சில வாரம் அப்படி நடக்குமாம். கூடு காலியாக அங்கேயே இருக்கிறது. விடுமுறைக்கு வருவாய் என்று அத்தை சொன்னாள். வந்தால் பூங்காவுக்குப் போவாய், டாக்டரோடுதான் போவாய். போ. நான் தடுக்கவில்லை. மரத்தடியில் நிற்கும்போது கூட்டைப் பார்த்த பிறகு, அதே நேர்கோட்டில் கொஞ்சம் பின்னால் பார். அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. கூட்டுக்குள் பார்க்க வேண்டுமானால் அங்கே வந்துதான் பார்க்க வேண்டும். படி ஏறும்போது இரண்டாம் மாடி விளக்கு எரியாது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு. சர்க்கரைப் பொட்டலத்தில் எறும்பு வராதபடி டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. யாரிடமும் தலைகுனிந்து நிற்க வேண்டாதபடி நன்றாக இரு.

முடிக்கும் இடத்தில் பேனா வெகுநேரமாக நிற்கிறது. பெரியவர் என்று போட்டால் நீ சிரிப்பாய், எனக்குச் சிரிப்பு வராது. பெயரைப் போட்டால் அலுவலகக் கடிதம் ஆகிவிடும். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை நானாக எடுத்துப் போட்டுக்கொள்வதற்கில்லை. கூப்பிடுகிறவர்கள் கொடுக்க வேண்டியது அது. ஆகவே கீழே இடத்தை மட்டும் விட்டுவிட்டு, கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.