கதவின் மேல் ஒரு குவியல்

பனி இறங்கிய முதல் செவ்வாய்
(தேதி ஒன்பது – எழுதுகிறவள்)

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். தினமும் ஆற்றங்கரைக்கு வந்து அக்கரையில் உன் வீட்டுப் புகையைப் பார்த்துவிட்டுப் போகிறேன். நேராக எழுந்தால் தங்கச்சி அடுப்பு மூட்டியிருக்கிறாள். சுருண்டு சுருண்டு இருமிக்கொண்டு எழுந்தால் நீ மூட்டியிருக்கிறாய். இந்த வாரம் இரண்டு வகையும் பார்த்துவிட்டேன், ஆகவே இருவரும் சுகம்.

பேச மாட்டேன் என்று சொன்னாய். எழுத மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை, என் நினைவு எப்படி என்று உனக்குத் தெரியும். எழுத்துதான் தெரியாது. அதனால் நம் பொதுக் கொட்டகை அடுப்பில் ரொட்டி சுடுகிறவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். தாளில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிடு. (சொல்வதை அப்படியே எழுதுகிறேன். பெருமூச்சுகளை மட்டும் விட்டுவிடுகிறேன்.)

ஒரு கனவு வந்தது. ஆறு பால் மாதிரி வெள்ளையாக, சத்தமே இல்லாமல் போகிறது. அதில் உன் பேரிக்காய்கள் மிதந்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் காம்புக்குப் பக்கத்தில் உன் நகக்குறி, சின்னப் பிறை. இடுப்பளவு தண்ணீரில் நின்று கை நீட்டுகிறேன், எல்லாம் விரலைத் தொட்டுவிட்டு நழுவிப் போகின்றன. விழித்தால் கையெல்லாம் ஈரம். கூரை ஒழுகியிருக்கிறது.

நீ குறி போட்டதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். எல்லோர் விளைச்சலும் பெயரில்லாமல் ஒரே குவியல், கொட்டியவன் பொறுக்கக் கூடாது, அவன் பங்கை இன்னொருவன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இது நாம் எல்லோரும் உட்கார்ந்து போட்ட வழக்கம். விளைவிக்கிறவர்களும் வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து விலை சொல்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குளிர் முடியும் வரை ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பழம் தருவதாகக் கொட்டகை வாக்குக் கொடுத்திருக்கிறது. உன் தோப்பை நம்பிக் கொடுத்த வாக்கு. பாதிக்குக்கூட எங்களிடம் பழம் இல்லை. தவறினால் உன்னை மாதிரியே மொத்தமாக வாங்குகிற லாரிக்காரனிடம் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவோம் என்று இளசுகள் பேசுகிறார்கள். மாதக் கடைசிக் கூட்டத்தில் கொட்டகையைப் பூட்டுவதா என்பதுதான் பேச்சு.

லாரிக்காரன் கழித்துப் போடுகிற கோணல் காய்களையாவது அனுப்பு. வேகவைத்தால் நேர் என்ன, கோணல் என்ன?

உன் மச்சான்
(கைநாட்டு)


14.10

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மாவும் கிடைத்தது.

ஏணியில் நின்று ஒவ்வொரு காயையும் தடவிப் பார்த்து வளர்க்கிறவன் நான். மரத்தடியில் தானாக விழுந்ததைக் கூடையில் அள்ளி வருகிறவன் பக்கத்து வீட்டுக்காரன். இரண்டும் ஒரே குவியல். "இந்த வாரம் பேரிக்காய் நல்லாயிருக்கே" என்று யாரோ யாரிடமோ சொல்வார்கள். நான் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பேன். காசு கேட்டேனா? அதிகப் பங்கு கேட்டேனா? ஒரு நகம் பட்டது, அவ்வளவுதானே. அதற்கு அத்தனை பேர் முன்னால் நீ எழுந்து நின்றாய். வேறு யார் நின்றிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

லாரிக்காரன் என் பழத்தின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறான். கழித்தது என் காய், என் முற்றத்தில் அழுகட்டும்.

இன்னொன்று. குவியல் போட்டிருக்கிற அந்தக் கதவு என் வீட்டுக் கதவு. திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
உன் தங்கச்சியின் கணவன்


பனி கலையாத புதன்
(பதினேழு)

அன்புள்ள மச்சானுக்கு,

தங்கச்சியின் கணவனுக்கு எழுதினால் தங்கச்சி பிரித்துவிடுவாள். அதனால் மச்சானுக்கே எழுதுகிறேன்.

கதவு பால் வண்டியில் வருகிறது. "குடுக்காதீங்க பெரியவரே, குவியலை எங்க போடுறது?" என்று எல்லோரும் மறித்தார்கள். "அவன் கதவு, அவன் கேக்குறான்" என்று சொல்லிவிட்டேன். குவியல் இப்போது தரையில் சாக்கின் மேல் கிடக்கிறது. பார்க்கவே காய்ச்சலில் படுத்த மாதிரி இருக்கிறது.

கழுவித்தான் அனுப்புகிறேன், ஆனாலும் பீட்ரூட் கறை போகவில்லை. கழுவும்போது அந்த வெள்ள வருஷம் நினைவுக்கு வந்தது. பாலம் போய், லாரி வராமல், என்னிடம் உருளைக்கிழங்கு மட்டும், உன்னிடம் பேரிக்காய் மட்டும், இதை எழுதுகிறவளின் அம்மாவிடம் மாவு மட்டும். அவரவர் வீட்டில் அவரவர் பொருளையே தின்று முகம் மாறிப்போயிருந்தோம். எங்கு பார்த்தாலும் சேறு, வைக்க ஓர் உலர்ந்த இடம் இல்லை. நீ சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டு மச்சான்" என்றாய். கீலை நெம்பியபோது என் கட்டைவிரல் நகம் நடுவே பிளந்தது, இன்றும் பிளவோடுதான் வளர்கிறது. அந்தக் குளிர் முழுக்க நீங்கள் வாசலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்கினீர்கள். குளிருதா என்று கேட்டால், "கதவு வேலைக்குப் போயிருக்கு" என்பாய்.

கொட்டகையில் யாரும் அதை மேசை என்று சொன்னதில்லை. பிறந்த குழந்தைகூட "கதவு" என்றுதான் சொல்கிறது.

நீ எழுதியதைப் பற்றி யோசித்தேன். உன் பழம் நன்றாக இருக்கிறது என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா என்று என் நினைவு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. (இதை மூன்று தடவை அடித்து எழுதச் சொன்னார். ரொட்டி ஒரு தட்டு கருகிவிட்டது.)

உன் மச்சான்
(கைநாட்டு)


கூட்டம் முடிந்த மறுநாள்
(முப்பத்தொன்று)

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று விடியலில் நடந்தது கனவா என்று இவளைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொண்டேன். பனிக்குள்ளிருந்து பால் வண்டி வருகிறது, ஆனால் பாலைக் காணோம். கூடை கூடையாகப் பேரிக்காய். அதுகூடப் பரவாயில்லை. வெங்காயம் எங்கிருந்து வந்தது? முட்டை? நீ கோழியைக் கண்டாலே ஓடுகிறவன் ஆயிற்றே!

கடிதம் ஏதும் இல்லை. வண்டிக்காரர்தான் சொன்னார். கதவு உன் வீட்டு நிலையில் பொருந்தவில்லையாம். மரம் உப்பிவிட்டதாம். தங்கச்சி அதை முற்றத்தில் நான்கு செங்கல் மேல் கிடத்தி, லாரிக்காரன் கழித்த காய்களைக் கொட்டி வைத்தாளாம். பார்த்த அக்கரைக்காரர்கள், ஒருத்தி மடியில் முட்டை, ஒருவர் தோளில் வெங்காயம் என்று வந்து, கேட்காமலே அதன் மேல் வைத்துவிட்டு நின்றார்களாம். நீ என்ன செய்தாய் என்று அவரைக் கேட்டேன். "அண்ணன் கொஞ்ச நேரம் முறைச்சிட்டு, கொட்டுனவன் பொறுக்கக் கூடாதுன்னு சத்தம் போட்டாரு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பழம் போய்விட்டது. கூட்டத்தில் பூட்டு என்ற பேச்சே எழவில்லை. உங்கள் குவியலில் மிஞ்சுவது இங்கே, எங்கள் குவியலில் மிஞ்சுவது அங்கே என்று முடிவாயிற்று. இன்று உருளைக்கிழங்கும் ரொட்டியும் அனுப்புகிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆள் வருவதற்கு முன் கூடைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வழக்கத்தைக் காப்பாற்றப் புரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஒரு காயில்கூடக் குறி இல்லை. எனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து உலகத்தில் அது ஒன்றுதான் மச்சான். அது இல்லாமல் குவியல் ஊமையாக இருந்தது.

பழம் நன்றாக இருக்கிறது. நேரும் கோணலும். இவள் இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். (எழுதிவிட்டேன்.)

உன் மச்சான்
(கைநாட்டு)


3.11

அன்புள்ள மச்சானுக்கு,

உருளைக்கிழங்கும் ரொட்டியும் வந்து சேர்ந்தன. கதவு இங்கேயே இருக்கட்டும். உங்களுக்கு வேறு கதவு கழற்ற வேண்டுமானால் லாரிக்காரன் கிடங்கைப் பார், அங்கே இனி அவ்வளவு வேலை இருக்காது.

இந்த வாரம் எங்கள் வீட்டுப் பங்கை முட்டைக்காரி எடுத்துக் கொடுத்தாள். உன் தங்கச்சி கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. ஒரு கிழங்கில் நகக்குறி. பிறைதான், ஆனால் நடுவில் உடைந்த பிறை.

உலகத்தில் அந்த நகம் ஒருவனுக்குத்தான் இருக்கிறது. எப்படிப் பிளந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

வழக்கப்படி இதைக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்ல வேண்டும். சொல்லப் போவதில்லை. கிழங்கை வேக வைக்கவும் இவள் விடவில்லை, ஜன்னலில் வைத்திருக்கிறாள். முளை விட்டால் உன் பக்கத்தில் நட்டுக்கொள்.

இனி கடிதம் வேண்டாம், அந்தப் பிள்ளை நிம்மதியாக ரொட்டி சுடட்டும். நாளைக் காலை பால் வண்டியில் கூடைகளோடு நானும் வருகிறேன். கரையில் நில். பனியில் உன்னைத் தெரியாது, அதனால் குரல் கொடு. நானும் கொடுக்கிறேன்.

உன் மச்சான்