கர்துங் லாவுக்குப் போய் வந்தோம், சுமதி

என் அருமை சுமதிக்கு,

முதலில் உனக்கு வேண்டிய செய்தி. உன் மகள் மீராவைப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு தலைவலி, இரண்டு வாந்தி, மூக்கு நுனியில் கொஞ்சம் தோல் உரிந்திருக்கிறது, அவ்வளவுதான். சான் ஹோசேயில் உன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, உன் வீட்டுக்காரர் அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்து முடித்த பிறகுதான் என்னைக் காபி சாப்பிடச் சொன்னார்.

ஆமாம், லடாக்குக்குத்தான் போனோம். ஆபீசில் உன் மேசைக்கு மேலே படம் ஒட்டி வைத்திருந்தாயே, அதே கர்துங் லா கணவாய்க்கு. நான் உன்னைப் போகவிடாமல் செய்த இடத்துக்கு.

நீ அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. நமக்கு நாற்பது வயதாகும் வருடம் இரண்டு பேரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. டிக்கெட் வாங்கும் நேரத்தில் நான்தான் பின்வாங்கினேன். இந்தியாவுக்குப் போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் வேண்டும், அதில் சிக்கலாகி அங்கேயே மாட்டிக்கொண்டால் இங்கே வேலை, வீடு எல்லாம் அந்தரத்தில் தொங்கும். "கிரீன் கார்டு வரட்டும்டி, அப்புறம் நிம்மதியா போலாம்" என்றேன். நீ "சரி, நீ சொன்னா சரி" என்றாய். எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவள் அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. எனக்குக் கார்டு வந்தபோது நீ போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. உறையைப் பிரித்துவிட்டு, அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். இந்த அட்டைக்காகவா உன் ஆசையைத் தள்ளிப்போட வைத்தேன்? அந்தக் கேள்வி இத்தனை நாளும் என்னை விடவில்லை.

மீரா இந்த வருடம் காலேஜுக்குப் போகிறாள். அதற்கு முன்னால் அவளோடு அங்கே போய், உன்னிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மன்னிப்பு விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

லடாக்கின் லே நகரில் இறங்கி, உயரம் உடம்புக்குப் பழக வேண்டும் என்று இரண்டு நாள் ஓட்டல் அறையில் படுத்தே கிடந்தோம். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்காரி என்பதால் மேலே போக மீராவுக்குத்தான் தனி பர்மிட் தேவைப்பட்டது. எனக்கு வேண்டியதில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகப் பேப்பருக்காகக் காத்திருக்க வேண்டாதவள் நான் என்று அவளிடம் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

கணவாய் உன் படத்தில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. மஞ்சள் பலகை, காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகள், சுற்றிலும் பனி. பலகைக்கு முன்னால் போட்டோ எடுக்க பைக் பையன்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் பார்த்தால் மலைக்குப் பின்னால் மலையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. உன்னிடம் சொல்ல வேண்டியதை விமானத்திலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அங்கே பத்தடி நடந்ததும் மூச்சே வரவில்லை. "சுமதி, மன்னிச்சுடுடி" என்பது மட்டும்தான் வந்தது, அதோடு அழுகையும்.

டீ வாங்கப் போயிருந்த மீரா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"வொய் ஆர் யூ ஸாரி, ஆன்ட்டி?"

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அம்மாக்கு மலை ரோடுன்னா பயம். ஷி நெவர் டோல்ட் யூ?"

"யாரு, உங்கம்மாவா? ஆபீஸ் பூரா இந்தப் படத்தைக் காட்டினவளா?"

"படம் பாக்கப் பிடிக்கும். ரோடுதான் பயம். நீங்க நோ சொன்ன அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாயசம் பண்ணா. யாருக்கு பர்த்டேன்னு கேட்டேன். 'கோமதி வரலையாம், நான் தப்பிச்சேன்'னா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ப்ராமிஸ் வேற வாங்கினா."

அடிப்பாவி.

என்னைத் தேற்றுவதற்காகப் பெண் கதை கட்டுகிறாளோ என்று ஒரு நிமிடம் சந்தேகம். ஆனால் அந்தப் பாயசம் எனக்குத் தெரியுமே. மறுநாள் ஒரு டப்பாவில் எனக்கும் கொண்டுவந்தாய். ஆசையைக் கெடுத்தவளுக்கே பாயசம் கொடுக்கிறாளே, இந்த மனசு யாருக்கு வரும் என்று ரெஸ்ட்ரூமுக்குள் போய் நின்று அழுதேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாண்டா குரூஸ் போகும்போதெல்லாம் "மலை ரோட்ல நீதான் நல்லா ஓட்டுவே" என்று சாவியை என் கையில் திணிப்பாயே, அதையும் பாராட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன்டி என்னிடம் சொல்லவில்லை? ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டு வாபஸ் வாங்க வெட்கமா? நான் கேலி செய்வேன் என்று பயமா? கேலி செய்திருப்பேன்தான், அது வேறு விஷயம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த உயரத்தில் சிரிக்கக் கூடாது போலிருக்கிறது. அழுகையும் சிரிப்புமாக நான் மூச்சுத் திணறுவதைப் பார்த்த டிரைவர், உயரம் தலைக்கு ஏறிவிட்டது என்று பயந்துபோய், என்னை வண்டியில் ஏற்றி ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துவிட்டார். மீரா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கீழே இறங்க இறங்க எனக்கு மூச்சு சீராக வந்தது, நெஞ்சும் லேசானது.

உன் ஆசைகளில் வேறு எதையாவது நான் தடுத்தேனா, தெரியாது. இதை இல்லை. அது போதும் எனக்கு.

மூன்று வருடமாக உன் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்பு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். உன்னோடு சும்மா நாலு வார்த்தை பேசியதில்லை. இனி மன்னிப்புக் கேட்க மாட்டேன், சத்தியம். வந்தால் சண்டை போடத்தான் வருவேன்.

உன்னைவிட நான்கே மாதம் மூத்த,
உடன்பிறவாத அக்கா,
கோமதி