நின்ற இடத்தில் நிற்கும் படகு

பியர் பார்ட், தவக்காலத்து மூன்றாம் ஞாயிறு

அன்புள்ள ரெமிக்கு,

நான் குடித்துவிட்டு ஏரியில் வட்டமடிக்கவில்லை. எனக்கு நினைவும் தடுமாறவில்லை. உன் அக்கா கமீல் ஹூஸ்டனில் உட்கார்ந்துகொண்டு உனக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையே என்னிடமும் சொன்னாள். "அம்மா, ஊரே சிரிக்குது. நடு ஏரியில நீங்க பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருந்தீங்களாம். இனிமே உங்களைத் தனியா விட முடியாது" என்றாள். சுற்றியது உண்மை. முதல் சுற்று தவறு, மற்றவை சோதனை. அந்த வேறுபாட்டை யாரும் சொல்லவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம். மற்றபடி நான் நலமாகவே இருக்கிறேன், இடது தோள் மட்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது. நார்வேயின் குளிரில் உன் சளி தீர்ந்ததா? எண்ணெய்க் கிணற்று மேடையில் இரவு வேலைக்குப் போகும்போது நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள், பெட்டியில் அழகாக மடித்து வைப்பதற்காக அதைப் பின்னவில்லை.

விஷயம் படகைப் பற்றியது. அப்பா அதை உன் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போனார். கமீல் வாங்குவதற்கு ஆள் பார்த்துவிட்டாள், பாஸ்காத் திருநாள் கழிந்ததும் அவர்கள் வருகிறார்களாம், நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் படகு போய்விடும். சொல்வதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படி. மடத்துப் பள்ளியில் சிஸ்டர் பெர்பெத்துவா எங்களுக்குக் கற்றுத்தந்தது இதுதான், எதைப் பற்றி எழுதினாலும் அதன் குறையை முதலில் எழுத வேண்டும், நிறையை எழுதும் அதே மையால் எழுத வேண்டும்.

படகுத்துறையில் இரைக்கடை வைத்திருக்கும் நார்பெர்ட் கிறிஸ்துமஸுக்குப் பிறகு படகின் முன்முனையில் ஒரு மின்சார மோட்டாரைப் பொருத்திக் கொடுத்தார். இது வேகமாகப் போவதற்கானது அல்ல, மெல்ல நகர்ந்து மீன் பிடிப்பதற்கானது. இதைக் கையால் திருப்ப வேண்டியதில்லை. வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளிடம் தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டு தானே திரும்புகிறது. கழுத்தில் தொங்கும் சிறு பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால், காற்று எப்படி அடித்தாலும் படகு அதே இடத்தில் நிற்கும். இன்னொன்றை அமுக்கினால் முன்பு குறித்து வைத்த இடத்துக்கு அதுவே கூட்டிப்போகும்.

குறைகளைச் சொல்கிறேன். கூட்டிப்போகும் என்றேனே, நேர்கோட்டில் கூட்டிப்போகும். நடுவில் தண்ணீருக்கடியில் சைப்ரஸ் மரத்தின் அடிக்கட்டை இருப்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ஒரு தடவை இடித்து இருக்கையிலிருந்து கீழே உட்கார்ந்துவிட்டேன், விழவில்லை. பேட்டரி தீர்ந்தால் அது வெறும் பாரம். அது போய்க்கொண்டிருக்கும்போது நான் தவறித் தண்ணீரில் விழுந்தால் என்னை விட்டுவிட்டுப் போய்விடும், அதனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நான் துறையை விட்டுக் கிளம்புவதில்லை. இதையெல்லாம் விடப் பெரிய குறை, அதை நம்பி மனிதன் சுற்றிலும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான்.

இப்போது அந்தச் சுற்றுக்கு வருகிறேன். புதிய பொருளை மந்திரிக்காமல் தண்ணீரில் இறக்க எனக்கு மனம் வராது என்பது உனக்குத் தெரியும். மந்திரிக்க வேண்டிய கோவில் சாமியாருக்குக் காய்ச்சல். அதனால் உன் அப்பாவின் டிரக்கில் கண்ணாடிக்கு முன்னால் நிற்குமே அந்தச் சிறிய மாதா சுரூபம், அதைக் கொண்டுபோய் மோட்டாரின் தலைமேல் வைத்தேன். டிரக்கின் இரும்பில் பிடித்துக்கொண்டு நின்ற சுரூபம் பிளாஸ்டிக்கில் நிற்கவில்லை, ஆகவே தூண்டில் நூலால் கட்டினேன். ஏரிக்குள் போய் நிற்கச் சொல்லிப் பொத்தானை அமுக்கினேன். படகு நிற்கவில்லை, சுற்றத் தொடங்கியது. துறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நார்பெர்ட் அங்கிருந்தே, "என்ன மிஸ் ஒடீல், மாதாவுக்குப் படகு ஊர்வலமா? ஆகஸ்ட் பதினஞ்சு மாதா திருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கே" என்று கத்தினார். "கத்தாம யோசியுங்க நார்பெர்ட், நீங்கதானே மாட்டினீங்க" என்றேன். "நான் மாட்டினது மோட்டாரை மட்டும்தான். மேல நிக்கிறவங்களுக்கு நான் பொறுப்பில்ல" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுரூபத்தின் அடியில் காந்தம். மோட்டாரின் தலைக்குள் திசைகாட்டி. பாவம், அதற்கு வடக்கு எது என்றே தெரியவில்லை. நூலை அறுத்து மாதாவை மடியில் வைத்துக்கொண்டேன், படகு அடங்கி நின்றது. ஆனால் ஒரு தடவை நடந்ததை நிரூபணம் என்று சொல்ல முடியாது அல்லவா, மறுபடி வைத்தேன், சுற்றியது, எடுத்தேன், நின்றது. சந்தேகம் முழுவதும் தீரும் வரை செய்தேன். துறையில் இருந்தவர்களுக்குச் சுற்றியது மட்டும் தெரிந்தது. மாதா இப்போது படகின் பின்னிருக்கையில் இருக்கிறாள், அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும்.

இனி நிறையை எழுத வேண்டும், அதற்கு எனக்கு வார்த்தை போதுமா என்று தெரியவில்லை. மறுநாள் பலத்த மேற்குக் காற்று. மரங்களில் தாடி போல் தொங்கும் பாசி எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தது, மற்ற படகுகள் சருகு மாதிரி நகர்ந்துபோயின. என் படகு மட்டும் ஒரு சைப்ரஸ் மரத்துக்கு நேராக அசையாமல் நின்றது. நங்கூரம் தூக்கவில்லை, கிளையில் கயிறு கட்டப்போய்க் குளவியிடம் கொட்டு வாங்கவில்லை. ரெமி, கோவில் பூசையில் நற்கருணையை உயர்த்திக் காட்டும்போது வரும் அமைதி போல இருந்தது, மூச்சுவிடவே கூச்சமாக இருந்தது. ஆனால் குனிந்து பார்த்தால் மோட்டார் சும்மா இல்லை. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி முனகுகிறது, நிறுத்துகிறது, வலப்பக்கம் திரும்புகிறது, ஒரு தள்ளு, மறுபடி ஒரு தள்ளு, ஓயவே இல்லை. நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

அத்தனை வருடமும் நான் முன்னால் உட்கார்ந்து சாக்கலே மீன் பிடித்தேன், உன் அப்பா பின்னால் துடுப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகில் கண் இல்லை. படகு தானாக நிற்கிறது என்றே நினைத்திருந்தேன். "ஓவிட், உங்களுக்கு மீன் பிடிக்கவே வரல" என்று வீடு திரும்பும்போதெல்லாம் கேலி செய்வேன். "உன் கூடை நிறைஞ்சுதுல்ல, அப்புறம் என்ன" என்பார். அவ்வளவுதான் சொல்வார். இப்போது அந்த முனகல் கேட்கும்போதெல்லாம் நான் தூண்டிலைப் பார்ப்பதில்லை, திரும்பிப் பின்னிருக்கையைப் பார்க்கிறேன்.

விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன், படகு உன்னுடையது. என் தோளுக்காக விற்கலாம், அடிக்கட்டைகளுக்காக விற்கலாம், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் விற்காதே. அடுத்த லீவுக்கு வந்தால் முன்னிருக்கை உனக்கு, கூடை நிறையும் வரை எழுந்திருக்கக் கூடாது.

கடலின் விண்மீனாம் மாதா உன்னை அந்தக் குளிர்க் கடலிலும் கைவிடாமல் காக்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி வேண்டாம், அங்கே யாரும் பார்ப்பதில்லை என்பது காரணம் ஆகாது. படகை வைத்துக்கொள்வதா விற்பதா என்று தொலைபேசியில் சொல்லாதே, கமீலிடம் சொல்லி அனுப்பாதே. பாஸ்காவுக்கு முன் என் கையில் கிடைக்கும்படி, தாளில், உன் கையெழுத்தில் எனக்குப் பதில் எழுது.

உன் அம்மா,
ஒடீல் பெர்ஜெரோன்