ஏழாம் குறியில் 3.3

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நம் ஷிப்டுகள் வாசற்படியில்தான் சந்திக்கின்றன. நேரில் ஆரம்பித்தாலும் மூன்றாவது சொல்லிலேயே "போடி" என்றுவிடுவாய். அதனால் உன் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

ஆலையில் நீ வேலை பார்க்கும் இடத்துக்கு நேர் மேலே போகும் நீராவிக் குழாயை அளந்தேன். அளப்பதற்காகக் குழாயில் போட்ட குறிகளில் ஏழாவதில், குழாய்ச் சுவரின் தடிமன் 3.9 மில்லிமீட்டர் என்கிறது மீட்டர். 3.5-க்குக் கீழே போனால் குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

மீட்டர் ஒலியை உள்ளே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத்தான் தடிமன் சொல்கிறது. உட்புறம் அரித்திருந்தால் எதிரொலி சோர்ந்து வரும். அதன் முதல் அலை மீட்டரின் காதில் விழாது, அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். ஓர் அலை தவறினால் 0.6 கூடிவிடும். நான் எதிரொலியின் பலத்தைப் பார்க்கவில்லை. பல அதிர்வெண்களிலும் அலையின் கட்டம், அதாவது அதன் ஏற்ற இறக்கம், எவ்வளவு பின்தங்குகிறது என்று கணக்கிட்டேன். 3.3 வந்தது. நாற்பது தடவையும் அதேதான்.

என் அதிகாரியிடம் காட்டினேன், சிரித்தார். "மீட்டர் சொல்றத எழுதும்மா. உன்னவிட அதுக்கு சர்வீஸ் ஜாஸ்தி."

வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையில் 3.9 என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மாட்டேன்.

உன் தங்கை

மார்ச் 5, புதன்

அடியே ஊமைக்கோட்டானே,

வாயத் தொறக்க மாட்டே, லெட்டர் மட்டும் ரெண்டு பக்கமா? அந்த அதிகாரி ரூம் வாசல்ல நாலு நாள் நின்னு உனக்கு இந்த வேலய வாங்கினேன். மறந்துடாதே.

ஒன்பது வருஷமா அந்தக் குழாய்க்குக் கீழதான் நிக்கிறேன். ஒண்ணும் ஆகல. போன வருஷம் மீட்டர பிடிச்சதே நான்தான். எண் கம்மியா வந்தா லேசா திருப்பணும், கொஞ்சம் அழுத்தணும். நல்ல எண் தானா வந்துடும். இதெல்லாம் காலேஜுல சொல்லித்தரலயா?

பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வா.

அக்கா

மார்ச் 7, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல எண் வரும்வரை திருப்புவதற்குப் பெயர் அளப்பது இல்லை, அக்கா. கெஞ்சுவது.

3.3 என்று எழுதினேன். நாற்பது அளவுகளையும் இணைத்து அதிகாரி மேஜையில் வைத்தேன். எண்ணைத் தெளிவாகத்தான் எழுதினேன். "நாளையிலிருந்து வராதே" என்றார். "சரி சார், ஆனா அத அடிச்சு எழுதினா உங்க கையெழுத்துதான் இருக்கணும்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை.

நீ நாலு நாள் நின்றதை வீணாக்கிவிட்டேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நாளைக்கே வேறு யாரையாவது வைத்து 3.9 என்று எழுதிவிடுவார்கள். என்னை இனி கேட்டுக்குள் விட மாட்டார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் உன்னைப் போன்ற ஆபரேட்டரே வால்வை மூடி நீராவி லைனை நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது. நிறுத்திய பிறகு அந்தத் துண்டை வெட்டித்தான் பார்க்க வேண்டும். நான் தவறு என்றால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரி.

கேட்கத் தயங்கித் தயங்கித்தான் இவ்வளவும் எழுதினேன். நாளைக் காலை ஷிப்டு ஏறியதும், யாரையும் கேட்காமல், வால்வை மூடு, அக்கா.

உன் தங்கை