நெஞ்சில் வைக்கும் வண்டு

குர்னா, லக்ஸர் மேற்குக் கரை
3 மார்ச் 1987

அன்புத் தம்பி கெனாவி,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. பக்கத்துக் கடை ஷாஸ்லி நேற்று ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். உன் உளி மூன்று இடத்தில் இறங்கியிருக்கிறது. கழுத்துக் குத்துதான் ஆளை முடித்தது என்கிறார்கள்.

அவன் செய்ததும் அடாவடிதான். படகுத்துறையில் நான் ஒரு வெள்ளைக்காரியிடம், "செத்த சூரியனைத் தினம் உருட்டிட்டு வர்ற வண்டும்மா இது, வச்சிருந்தா மறுபிறப்பு" என்று கல் வண்டை நீட்டினேன். "மறுபிறப்பா? போன வாரம் செதுக்கி, இவ வான்கோழிக்கு முழுங்கக் குடுத்துப் பழசாக்குன கல்லு!" என்று என் வண்டுத் தட்டைத் தள்ளி மிதித்தான். உண்மையைத்தானே சொன்னான்? ஓர் அறை போதாதா?

பக்கத்தில் நின்றவள் நான். போலீஸ் கேட்கிறது. இதுவரை வாய் திறக்கவில்லை.

உன் அக்கா,
ஹம்தியா

சூயஸ்
11 மார்ச்

அக்காவுக்கு,

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறேன். மாவை வெயிலில் உப்பவைத்து நீ சுடும் ரொட்டி இங்கே எவனுக்கும் தெரியாது.

ஒரு வண்டு செதுக்கி அனுப்பியிருக்கிறேன், விற்க இல்லை. அந்தக் காலத்தில் பிணத்தின் நெஞ்சில் வைப்பார்களே, அது. அடியில் அதே வாசகம்: 'என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே.' எனக்கு இதயம் நீதான். பார்க்கவில்லை என்று சொல்லிவிடு.

கெனாவி

குர்னா
24 மார்ச்

கெனாவி,

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஷாஸ்லியின் தம்பிகள் பட்டறைக்கு வந்தார்கள். நம் அண்ணன் ரத்வான் கல் தேய்த்துக்கொண்டிருந்தான். "ஒக்காருங்க, டீ சொல்றேன்" என்றானாம். வயிற்றில் இரண்டு, வாயில் ஒன்று சுட்டார்கள். கல் தூளுக்குள் கிடந்த பற்களை நான்தான் பொறுக்கினேன்.

சித்தப்பா மகன்கள் துப்பாக்கி துடைக்கிறார்கள். பழி தீரும்வரை துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வரக்கூடாதாம். பெரியவர்கள் ஒரே வழிதான் சொல்கிறார்கள். ஆரம்பித்தவன் நீ. வெறுங்காலோடு, உன் பிணத்துக்குச் சுற்றும் கபன் துணியைக் கையில் ஏந்தி அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். சுடுவதும் மன்னிப்பதும் அவர்கள் பாடு.

பார்த்ததைப் பார்த்தேன் என்று இன்று போலீசில் சொல்லிவிட்டேன். உன் விலாசம் மட்டும் சொல்லவில்லை.

ஹம்தியா

சூயஸ்
31 மார்ச்

அக்கா,

துணி நீயே வாங்கு. என் உயரம் உனக்குத் தெரியும். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். நான் விழுந்தாலும் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று சித்தப்பா மகன்களிடம் சத்தியம் வாங்கு.

அந்த வாசலுக்கு நீ மட்டும் வராதே. உன்னைப் பார்த்தால் திரும்பி ஓடிவிடுவேன்.

கெனாவி