கடைசியாக ஒட்டிய தரை

இன்று காலை கம்ப்யூட்டரில் நம் மனைப்பிரிவு வரைபட ஃபைலைத் திறந்தேன். உன் கால்வாயின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி ஒன்று நின்றது. பழசாகிவிட்டது, புதுப்பிக்கவும் என்று அர்த்தம். நீ போய் முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்னைப் பழசு என்கிறது. பெயரையாவது ஒழுங்காக வைத்தாயா நீ? 'கால்வாய்_கடைசி_நிஜமாவே கடைசி_சத்தியமா.' பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்துவிட்டது, எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போய் நின்றேன்.

அந்த அனகாபுத்தூர் மனைப்பிரிவில் ரோடும் மனைகளும் என் பங்கு. பின் எல்லையில் ஓடும் கால்வாயும் அது போய்ச் சேரும் குட்டையும் உன் பங்கு. தனித்தனியாக வரைந்து, கடைசியில் இரண்டையும் ஒரே தரையாக ஒட்ட வேண்டும். முதல் தடவை ஒட்டியவள் நான்தான். உன் கால்வாயை முதலில் வைத்து, அதன் மேல் என் மனைகளை வைத்தேன். திரையில் பார்க்க அத்தனை அழகு. நீ டிபன் டப்பாவை மூடாமலே எழுந்து வந்து, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சொட்டு விட்டுப் பாத்தியா?" என்று கேட்டாய்.

திரையில் ஓரிடத்தைத் தொட்டால், அங்கே விழும் மழைத்துளி எந்தப் பக்கம் ஓடும் என்று கோடு போட்டுக் காட்டுமே, அதற்கு நீ வைத்த பெயர் சொட்டு. விட்டேன். கோடு மனைகளின் சரிவில் இறங்கி, கால்வாய் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த சந்துக்குள் போய் நின்றது. மனைகளுக்காக நான் உயர்த்திய மேட்டின் சரிவு பத்தடி அகலத்துக்கு உன் கால்வாயை மூடியிருந்தது.

நான் ஒப்புக்கொண்டேனா என்ன? கால்வாயை நகர்த்து என்றேன். மனையை நகர்த்து என்றாய். நாலு நாள் பேச்சில்லை. அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டேப்ளர் வேண்டுமென்றால்கூட மூன்றாவது ஆளைக் கேட்டோம். ஐந்தாம் நாள் நீ ஹெல்மெட்டை என் கீபோர்டு மேலேயே வைத்து, "கெளம்பு" என்றாய்.

குரோம்பேட்டையிலிருந்து பம்மல் வழியாக உன் ஸ்கூட்டியில் அந்தச் சந்துக்குப் போனோம். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளக் கறை. மேலே சுண்ணாம்பு அடித்திருந்தும் தெரிந்தது. நாம் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவர் கேட்டார். நீ அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய்.

"இவ மனை வரையறா அக்கா, நான் கால்வாய் வரையறேன். ரெண்டையும் ஒண்ணா ஒட்டுவோம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற எடத்துல, கடைசியா ஒட்டுனதுதான் நிக்கும்."

தலைக்கு மேல் விமானம் தாழ்வாகப் போயிற்று. சத்தம் அடங்கும்வரை அக்கா கையிலிருந்த பாத்திரத்தைத் தேய்த்தார்.

"அப்ப நீயே கடைசியா ஒட்டிடும்மா," என்றார் அக்கா. "வூட்டுக்குள்ள தண்ணி பூந்து ஒரு தபா பட்டதே போதும்."

திரும்பி வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே நீ உன் கீழ்க்கட்டளை வீட்டைப் பற்றிச் சொன்னாய். சின்ன வயதில் மூன்று படி ஏறி உள்ளே போவீர்களாம், இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறீர்களாம். "வீடு எங்கயும் போகலடீ. ரோடு போடறவங்க ஒவ்வொரு வாட்டியும் கடைசியா ஒட்டிட்டுப் போயிடறாங்க." ஆபீஸ் வந்ததும் வரிசையை மாற்றினேன். மனைகள் முதலில், உன் கால்வாய் கடைசியில். நீ ஸ்டேப்ளரை எடுத்து என் மேசையில் வைத்தாய். அடுத்த வாரம் காய்ச்சல் என்று படுத்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நேற்று சார் கூப்பிட்டார். மனை போட்டு விற்கிறவருக்குப் பின்வரிசை மனைகள் பெரிதாக வேண்டுமாம். சரிவு பழையபடி கால்வாய் மேலே வந்தால் போதுமாம். "கால்வாய அழிக்கச் சொல்லலையே மேடம், அது பாட்டுக்கு ஃபைல்ல இருக்கட்டும். வரிசைய மட்டும் மாத்துங்க. ஒரு க்ளிக்தானே?" என்றார். எனக்கு உச்சி வரை கோபம். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் நான் மாட்டேன் என்றால் போதுமா? நாளைக்கே என் நாற்காலியில் வேறொருத்தி உட்காரலாம். ஒரு க்ளிக், உன் கால்வாய் மண்ணுக்குள். ராத்திரியெல்லாம் தோன்றாத ஒன்று இன்று அந்த மஞ்சள் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால்தானே இந்த வரிசைச் சண்டையே? ஏறாவிட்டால்?

என் தரையைத் திறந்தேன். பின்வரிசை மனைகளைப் பத்தடி உள்ளே இழுத்தேன், சரிவையும் சேர்த்து. மதியச் சாப்பாடு அப்படியே கிடந்தது. முடித்ததும் கால்வாயைக் கடைசியில் ஒட்டி ஒரு சொட்டு, மனைகளைக் கடைசியில் ஒட்டி ஒரு சொட்டு. இரண்டு தடவையும் கோடு உன் கால்வாயில் இறங்கிக் குட்டைக்குப் போனது. இனி யார் எதைக் கடைசியாக ஒட்டினாலும் அந்தச் சந்துக்குத் தண்ணீர் போகாது. இதைக் கலைக்க வேண்டுமென்றால் மனைகளை முதலிலிருந்து வரைய வேண்டும். அது ஒரு க்ளிக்கில் ஆகிற காரியமில்லை. இதில்தான் கையெழுத்துப் போடுவேன், வேண்டாமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு நாற்காலி கிடைக்காமலா போய்விடும்?

உன் கால்வாயில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. அந்தக் கண்றாவிப் பெயரையும் மாற்றவில்லை. புதுப்பி என்று அழுத்தியதும் மஞ்சள் குறி போய்விட்டது. ஸ்டேப்ளர் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. நீ இருந்தபோது ஓர் அடி விட்டுத்தராதவள் இன்று பத்தடி விட்டிருக்கிறேன். சிரிக்காதே. எதை வரைந்தாலும் உன் குரல் தோளுக்கு மேலே வந்து கேட்கிறது. பார்த்துவிட்டேன்டீ, சொட்டு விட்டுப் பார்த்துவிட்டேன்.