கமராவை மேலே ஏற்றிப் பார்த்த அன்று

மச்சாள்,

இன்று காலை என் தையல் மேசைக்கு மேலே வெப்கமராவை ஏற்றிவிட்டேன். பழைய மேசைவிளக்கின் வளையும் கழுத்தில், பல்ப் இருந்த இடத்தில், இரண்டு கிளிப்பும் கொஞ்சம் நாடாவும் போட்டுக் கட்டினேன். அது தலையைக் குனிந்து நேர்கீழே மேசையைப் பார்க்கிறது. நீ இருந்திருந்தால், "உனக்கு வேற வேல இல்லையா கா?" என்று கேட்டிருப்பாய்.

வேலைக்காகத்தான். கதிரவெளியில் மூன்று பெண்களுக்குக் கணினி வழியாகச் சட்டை வெட்டப் பழக்குகிறேன். போன வாரம் அவர்களில் ஒருத்தி, "அக்கா, கழுத்து வெட்டுற இடம் தெரியல்ல, உங்கட நெத்திதான் தெரியுது" என்றாள். கமரா மொனிட்டரின் தலையில் குந்திக்கொண்டிருந்தால் வேறு என்ன தெரியும்? அன்று பிடித்த பைத்தியம், மூன்று நாள் விடவில்லை. முதலில் சப்பாத்துப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் வைத்தேன். துணியில் பாதிதான் தெரிந்தது. பிறகு உன் அண்ணன் வலை பொத்த வைத்திருந்த தங்கூசி நூலில் கட்டி, கூரை வளையிலிருந்து தொங்கவிட்டேன். ஃபேனைப் போட்டதும் அது ஊஞ்சலாடத் தொடங்க, கதிரவெளிக்காரிக்குத் தலைசுற்று வந்துவிட்டது. உன் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் வேணுமெண்டா கையில பிடிச்சுக்கொண்டு நிக்கட்டா?" என்றார். கட்டின மனுசன் பேசுகிற பேச்சா அது?

விளக்குக் கழுத்து சரிவந்தது. ஆனால் படம் நேராக வருகிறதா, ஒரு பக்கம் இழுபடுகிறதா என்று பார்க்கக் கட்டம் போட்ட ஏதாவது வேண்டியிருந்தது. அலுமாரியிலிருந்து நம் டாம் பலகையை எடுத்து விரித்தேன். கறுப்பும் வெள்ளையுமாக எல்லாக் கட்டமும் ஒரே அளவில், அச்சடித்ததுபோல் திரையில் நின்றன. இத்தனை வருடம் விளையாடியும் அந்தப் பலகையை இப்படி நேர்மேலிருந்து நான் பார்த்ததே இல்லை. நீ சுவிசிலிருந்து பார்த்ததும் இதை அல்ல.

நீ இங்கே பெரியகல்லாற்றில் இருந்த காலத்தில் மதியச் சமையல் முடிந்ததும் பலகையை விரித்துவிடுவோம். காய்களுக்குப் பதில் என் பெட்டியிலிருந்த கோட்டுப் பொத்தான்கள். எதிர்க்கரை தொட்டு ராசாவாகும் பொத்தானுக்கு மேலே ஒரு நூல்கட்டையை நிமிர்த்தி வைப்போம். அந்தச் சட்டம் நீ போட்டது. "ராசா எண்டா உயரமா இரிக்கணும் கா, எங்க நிண்டு பாத்தாலும் தெரியணும்" என்பாய்.

நீ சுவிசுக்கு மகளிடம் போன பிறகும் வீடியோ கோலில் விளையாட்டை நாம் விடவில்லை. எனக்கு மாலை நாலு மணி, உனக்கு மதியம். உன்னிடம் பலகை இல்லை, வாங்கவும் மாட்டேன் என்றாய். நீ வாயால் சொல்ல, உன் காயையும் நானே நகர்த்தினேன். "என்ட கையையும் உன்னட்டத் தந்திட்டன், பாத்து விளையாடு" என்று சிரித்தாய்.

அந்த ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். நீ வெல்லப்போகிற ஆட்டம். என் ராசாவுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து, உன் இரண்டு காய்களைத் தாண்டி வெட்டினேன்.

"நில்லு கா. அந்தக் காய் எங்க இருந்து வந்தது?"

"இஞ்சதான் இருந்தது."

"இருக்கல்ல. நான் பாத்துக்கொண்டுதானே இரிக்கன். அளாப்பாத."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. உன் கையையும் சேர்த்துச் சுமக்கிறவளைப் பார்த்து அளாப்பி என்றால்? "கண் தெரியாட்டிக் கண்ணாடியை மாத்து. என்னைக் கள்ளியாக்காத" என்று சொல்லிவிட்டு கோலைக் கட் பண்ணினேன்.

இரண்டு நாள் கழித்து நீதான் எடுத்தாய். "பிழை என்டதான் கா. எனக்குத்தான் கண் சரியில்லை போல. மன்னிச்சுக்கொள்" என்றாய். "சரி, விடு, வயசு போனா அப்படித்தான்" என்று பெரிய மனுசி மாதிரிச் சொன்னேன். அதற்குப் பிறகு நீ விளையாடிய விதமே மாறிப்போனது. ஒவ்வொரு முறையும், "அந்தக் கட்டத்தில காய் ஒண்டும் இல்லைதானே?" என்று கேட்டுக் கேட்டு நகர்ந்தாய். பயந்து பயந்து விளையாடித் தோற்றாய். நான் வென்றுகொண்டே இருந்தேன், அதில் சந்தோசமும் பட்டேன்.

நீ கண்ணை மூடின பிறகு உன் மகள் ஒரு கதை சொன்னாள். நீ இரண்டு தரம் கண் டொக்டரிடம் போனாயாம். கண்ணில் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லியும் கேட்காமல் புதுக் கண்ணாடி எழுதி வாங்கினாயாம். "டொக்டருக்கு என்ன தெரியும், மச்சாள் பொய் சொல்ல மாட்டா" என்றாயாம். அதைக் கேட்டு அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்று பலகை முன்னால் கிடந்ததால் ஒரு யோசனை வந்தது. கமராவைக் கழற்றிப் பழையபடி மொனிட்டரின் மேல் வைத்தேன். அந்த ஆட்டத்தில் நின்றபடியே என் ராசாவையும், அதே வரிசையில் அதற்குப் பின்னால் வெள்ளைப் பொத்தானையும் வைத்துத் திரையைப் பார்த்தேன். பொத்தானைக் காணவில்லை. நூல்கட்டையை எடுத்தேன், பொத்தான் தெரிந்தது. வைத்தேன், மறைந்தது. ஏழெட்டு முறை எடுத்து எடுத்து வைத்தேன். வித்தை காட்டுகிறவளைப் போல உன் அண்ணனைக் கூப்பிட்டு, "இஞ்ச வந்து பாருங்க, காய் காணாமப் போகுது" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "அப்ப அவள் சொன்னது சரிதானே" என்றார்.

மச்சாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அளாப்பவில்லை, அது உண்மை. ஆனால் நீ பார்த்ததும் உண்மை. ஒரு கமராவைக் கொஞ்சம் உயர்த்திக் கட்ட இந்த மூன்று நாளில் பட்ட பாட்டில் ஒரு பங்கை அன்று பட்டிருந்தால் போதும். எனக்கு அது தோன்றவில்லை, உன் கண்ணைக் குறை சொல்வது சுகமாக இருந்தது. நீ கேட்ட மன்னிப்பு என்னிடம்தான் இருக்கிறது. கேட்டிருக்க வேண்டியவள் நான். இனி யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன்ட கண் நல்லாத்தான் இருந்தது கா.